பதினெட்டு வருடம் மூடிக்கிடந்த கோபர் கேஸ் குழி

எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரைக்குப் பின்னால் ஒரு வட்டக் குழி இருக்கிறது, சாணியைச் செரிக்கவைத்து அடுப்பெரிக்கும் வாயு எடுக்கிற குழி. 1986-இல் அப்பா கட்டியது. அப்போது மத்திய அரசின் தேசிய உயிரிவாயு வளர்ச்சித் திட்டம் வந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. மானியம் கிடைத்தது, வீட்டில் எட்டு உருப்படி மாடுகள் இருந்தன, அப்பா துணிந்துவிட்டார். கோபிசெட்டிபாளையத்துக்குக் கிழக்கே, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் வைக்கிற குடும்பம் எங்களுடையது. நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் எங்கள் வீட்டுச் சோறு அந்தக் குழியின் தீயில்தான் வெந்தது.

2005-க்குள் மாடுகள் ஒவ்வொன்றாக விற்றுப்போயின. சிலிண்டர் வந்தது. குழியின் மேல் மிதந்த இரும்பு டிரம் துருப்பிடித்து ஒருபக்கம் சாய்ந்தது. அப்பா அதன்மேல் தென்னந்தடுக்கைப் போட்டு மூடிவிட்டார். பதினெட்டு வருடம் அப்படியே கிடந்தது. அப்பாவும் போய்விட்டார்.

2022 கடைசியில் நான் தோட்டத்துக்கே திரும்பி வந்து மூன்று மாடுகள் வாங்கிக் கட்டினேன். தினமும் 36 கிலோ சாணி. அதைக் கூடையில் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டும்போதெல்லாம் பத்தடி தள்ளி அந்தத் தடுக்கு மூடிய குழி கண்ணில் படும். 2023 தை மாதம் தடுக்கை எடுத்தேன். அன்று முதல் இன்றுவரை ஒரு நோட்டில் எழுதி வந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எங்களுடையது மிதக்கும் டிரம் வகை. 1950-களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்தது, 1960-களிலிருந்து கதர் கிராமத் தொழில் ஆணையம் ஊர் ஊராகக் கொண்டுபோனது. தரைக்கடியில் செங்கல் கிணறு, அதன் வாயில் கவிழ்த்துவைத்த பாத்திரம்போல் ஒரு டிரம், நடுவில் டிரம் ஏறி இறங்க ஒரு வழிகாட்டிக் குழாய். வாயு சேரச் சேர டிரம் எழும்பும். அடுப்பு எரிய எரியத் தாழும். 1984-இல் வந்த தீனபந்து வகையில் டிரம் கிடையாது, எல்லாமே மண்ணுக்குள் செங்கல் கவிகைதான், செலவும் குறைவு. ஆனால் இதில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும். அந்த ஒரு வசதிக்காகவே எனக்கு இந்த வகைமேல் தனிப் பிரியம்.

அளந்து பார்த்தேன். கிணற்றின் விட்டம் ஐந்தே கால் அடி, ஆழம் பத்தடி. ஆறாயிரம் லிட்டர் பிடிக்கும். நாளுக்கு மூன்று கன மீட்டர் வாயு என்று கணக்குப் போட்டுக் கட்டியது. ஒரு கிலோ பசுஞ்சாணி சுமார் 40 லிட்டர் வாயு தரும். மூன்று கன மீட்டர் வேண்டுமென்றால் 75 கிலோ சாணி போட வேண்டும். என்னிடம் இருப்பதோ அதில் பாதி. ஒன்றரை கன மீட்டர் கிடைத்தால் போதும் என்று முடிவு செய்தேன். குழி பெரிதாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. 36 கிலோ சாணியும் அதே அளவு தண்ணீரும் போட்டால், போட்டது வெளியே வர எண்பது நாளுக்கு மேல் ஆகும். வழக்கமாக நம் பக்கத்து வெயிலுக்கு நாற்பது நாள் வைப்பார்கள். இரட்டிப்பு நாள் உள்ளே கிடந்தால் நன்றாகச் செரித்துத்தான் வெளியே வரும்.

குழியைக் காலி செய்ததுதான் இந்த வேலையிலேயே நான் அதிகம் பயந்த இடம். மேலே பாறைபோல் காய்ந்த ஏடு, நடுவில் கறுத்த நீர், அடியில் இரண்டடிக்கு மணலும் கல்லும். அந்த நீருக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அடங்கியிருக்கும், கலக்கினால் மேலே வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதற்குள் ஆள் விழுந்துவிடுவார். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாணிக் குழியில் அதைச் செய்யவே கூடாது. காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும்.

பழைய டிரம்மைச் சங்கிலிக் கப்பி போட்டுத் தூக்கி எடுத்துத் திறந்தவெளியில் கிடத்தினோம். சேற்று நீரை வாடகைப் பம்பு வைத்து வெளியே இறைத்தோம். பிறகு ஆறு நாள் குழியைத் திறந்தே போட்டுவைத்து, பகலெல்லாம் காற்றூதும் இயந்திரத்தின் குழாயை அடிவரை இறக்கி ஓடவிட்டோம். அதற்கப்புறமும் இறங்கியவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வர வேண்டும் என்று கட்டாயம். மேஸ்திரிக்கு இது அதிகப்படியாகத் தோன்றியது. "அம்மணி, செப்டிக் டேங்கிலேயே இறங்கியிருக்கிறேன்" என்றார். "அண்ணா, அதனால்தான் சொல்கிறேன். கயிறு இல்லாமல் இறங்குவதென்றால் இந்த வேலையே வேண்டாம்" என்றேன். கட்டிக்கொண்டார்.

சுவரில் இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது. வேப்பமர வேர் ஒன்று உள்ளே நுழைந்திருந்தது. வேரை வெட்டி, சிமென்ட் பூசி, பத்து நாள் தண்ணீர் ஊற்றி ஆறவைத்தோம். அடியில் கிடந்த மணல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது காரணம் புரிந்தது. அந்நாளில் கட்டுத்தரை மண் தரையாக இருந்தது. சாணியோடு மண்ணும் சேர்ந்தே குழிக்குப் போயிருக்கிறது. இருபது வருடத்தில் குழியின் ஐந்தில் ஒரு பங்கை மண் தின்றுவிட்டது. இப்போது மாடு நிற்கும் இடத்துக்குக் கல் பாவிவிட்டேன், கரைக்கும் தொட்டியின் அடியில் மணல் தங்க ஒரு சாண் பள்ளமும் விட்டிருக்கிறேன்.

டிரம்மைப் பற்ற வைத்து ஒட்டிவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், மேல்தட்டு அப்பளம்போல் உடைந்தது. இரும்பு டிரம்முக்கு வருடா வருடம் சுரண்டிப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். சேற்றில் முங்கியும் எழும்பியும் இருக்கிற பட்டை எப்போதும் ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுவதால் அங்கேதான் முதலில் அரிக்கும். அப்பாவுக்கு முடிந்தவரை அடித்தார். நான் ஐந்தடி விட்டத்தில் கண்ணாடி இழை டிரம் செய்யக் கொடுத்தேன். இந்த வேலையிலேயே பெரிய செலவு இதுதான்.

கண்ணாடி இழை துருப்பிடிக்காது. ஆனால் எடை இல்லை. வாயுவை அடுப்புவரை தள்ளுவது டிரம்மின் எடைதான். புது டிரம் 65 கிலோ. ஒரு நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வாயுக் குழாயில் மாட்டினேன். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர் காட்டியது. இந்த வகைக் கலனுக்குப் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கணக்கு எளிது: டிரம்மின் பரப்பு 1.8 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோ அழுத்தினால் பத்து சென்டிமீட்டர் வரும். இன்னும் 120 கிலோ வேண்டும். ஆறு சிமென்ட் கட்டைகள், ஒவ்வொன்றும் இருபது கிலோ, விளிம்பை ஒட்டி ஒரே இடைவெளியில் அடுக்கினேன். ஒருபக்கம் கூடினால் டிரம் சாய்ந்து வழிகாட்டிக் குழாயில் இறுகிக்கொள்ளும். கட்டைகளை வைத்து முடித்ததும் யூ குழாயில் தண்ணீர் மெல்ல ஏறிப் பத்தில் வந்து நின்றது. பள்ளியில் படித்த பாடம் கண்ணெதிரே நின்றதுபோல் இருந்தது எனக்கு.

சமையலறைக்கு எழுபது அடி. பழைய இரும்புக் குழாய் அடைத்துப்போயிருந்ததால் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் போட்டேன். இங்கே முதல் தவறு நடந்தது. குழாயைத் தரையோடு தரையாக நீட்டிவிட்டோம், வாட்டம் பார்க்கவில்லை. குழியிலிருந்து வரும் வாயு ஈரமும் சூடுமாக வரும், குழாயில் குளிர்ந்து தண்ணீராக இறங்கும். பள்ளமான இடத்தில் அந்தத் தண்ணீர் தேங்கினால் அடுப்பில் தீ துள்ளித் துள்ளி எரியும், சில நேரம் அணைந்தே போகும். குழாயைத் தோண்டி எடுத்து, சமையலறைப் பக்கத்திலிருந்து குழிப் பக்கமாக வாட்டம் கொடுத்துத் திரும்பப் பதித்தோம். தாழ்வான இடத்தில் 'T' வடிவக் குழாய் இணைப்பு ஒன்றைப் போட்டு, கீழ்நோக்கிய கிளையை முப்பது சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் நிறைந்த குழாய்ச் சிமிழுக்குள் முங்கவைத்தேன். சேரும் தண்ணீர் தானாக வழிந்துவிடும். வாயு வெளியேறாது, ஏனென்றால் அதன் அழுத்தம் பத்து சென்டிமீட்டர்தான், அது முப்பதைத் தள்ள முடியாது. கோடையில் மட்டும் சிமிழில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுப்புக்கு முன்னால் ஒரு முழ நீளக் குழாயில் லேத் பட்டறை இரும்புச் சுருளை அடைத்து மாட்டியிருக்கிறேன். புதுச் சுருளாக அல்லாமல் நன்றாகத் துருவேறியதாக இருக்க வேண்டும். அந்தத் துரு ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடித்துக்கொள்கிறது. பாத்திரம் கறுப்பதும் பர்னர் அரிப்பதும் குறைந்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஈரமாகவே மெல்லியதாகப் பரப்பிக் காற்றாட விட்டால் திரும்பப் பயன்படும். குவித்துப் போட்டால் தானாகவே சூடேறிவிடும், வைக்கோல் பக்கத்தில் வைக்கவே கூடாது.

குழியை நிரப்ப மூன்று டன் சாணி வேண்டியிருந்தது. அக்கம்பக்கத் தோட்டங்களில் கேட்டு நான்கு நாள் டிராக்டரில் கொண்டுவந்தோம். சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி, தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, கூளம் அரித்து ஊற்றினோம். பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கலனிலிருந்து ஐநூறு லிட்டர் பழைய கரைசல் வாங்கி வந்து உறை ஊற்றுவதுபோல் ஊற்றினேன். உறை மோர்தான் அது. சாணியிலேயே கிருமிகள் உண்டு என்றாலும், ஓடுகிற கலனின் கரைசல் சேர்த்தால் சீக்கிரம் பிடிக்கும்.

ஒன்பதாம் நாள் டிரம் எழும்பியது. அதை அப்படியே வெளியே விட்டுவிட்டேன். முதலில் எழும்புவது உள்ளே அகப்பட்ட காற்றும் கரியமில வாயுவும்தான், அதில் தீ வைப்பது ஆபத்து. பதினான்காம் நாள் எழும்பியதையும் விட்டேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உங்கள் அப்பா இத்தனை வீணடிக்கவில்லை கண்ணு" என்றாள். பதினேழாம் நாள் அடுப்பில் வைத்துப் பார்த்தபோது ஒரு நொடி நீலம் காட்டி அணைந்தது. இருபத்தொன்றாம் நாள் காலை, தீ நின்றது. பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாத நீலம். கையை அருகே கொண்டுபோனால்தான் இருப்பது தெரிகிறது. அம்மா முதலில் பால் வைத்தாள். பொங்கி வழியும்வரை அடுப்பை அணைக்கவில்லை.

அடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். சிலிண்டர் அடுப்பையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமா? கூடாது. நான் ஒரு பழைய அடுப்பின் ஜெட்டை, அதாவது வாயு பீச்சும் சிறு துளையை, பெரிதாக்கிப் பார்த்தேன். சிலிண்டர் வாயு எரிய அதைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் காற்று வேண்டும். சாண வாயுவில் மீத்தேன் அறுபது பங்கு, மீதி பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. அதற்கு ஆறு மடங்குக்கும் குறைவான காற்றே போதும். சிலிண்டர் அடுப்பு இழுக்கிற காற்றில் தீ பர்னரைவிட்டு எழும்பி அணைந்துபோகிறது. இதற்கென்றே வார்ப்பிரும்பில் அடுப்பு விற்கிறார்கள். துளை பெரிது, காற்று வளையத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். அதை வாங்கிய பிறகு அடுப்பு ஒரு நாளும் தொந்தரவு தரவில்லை. ஒரு பர்னர் மணிக்கு 450 லிட்டர் குடிக்கும். ஆக என் ஒன்றரை கன மீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காலையில் ஒன்றரை, மாலையில் ஒன்றரை. நான்கு பேர் வீட்டுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. 35 நாளில் தீர்ந்த சிலிண்டர் இப்போது நான்கு மாதம் வருகிறது.

தினசரி வேலை அரை மணி நேரம். சாணியை வெயிலில் சூடேறிய தண்ணீரில் கரைப்பது, கூளத்தை அரிப்பது, ஊற்றுவது, டிரம்மைக் கால் சுற்றுத் திருப்புவது. டிரம்முக்குள் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றன, திருப்பினால் மேலே படியும் ஏடு உடையும். கட்டுத்தரையை பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவினால் அந்தத் தண்ணீர் குழிக்கு வராமல் மடை மாற்றிவிடுவேன். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணியை ஒரு வாரம் குப்பைமேட்டுக்குத்தான் அனுப்புகிறேன். மாட்டின் உடம்பில் கிருமியைக் கொல்கிற மருந்து குழியிலும் கொல்லும்.

இனி, நான் செய்த பெரிய பிழை.

ஆவணி மாதம், அடுத்தடுத்து முகூர்த்தம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மீந்த சோற்றைக் கொட்ட இடமில்லாமல் ஆள் தேடினார்கள். சோற்றில் சாணியைவிடப் பல மடங்கு வாயு வரும் என்பது எனக்குத் தெரியும். சாணி என்பது மாடு ஒருமுறை சத்தெடுத்துவிட்டுப் போட்ட மிச்சம். சோறு அப்படி அல்ல. புனேயில் ஆனந்த் கார்வேயின் குழுவினர் சமையல் கழிவை மட்டுமே போட்டு ஓட்டுகிற பிளாஸ்டிக் தொட்டிக் கலன்களை உருவாக்கி, 2006-இல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருதும் பெற்றிருக்கிறார்கள். பிறகென்ன என்று இருபது கிலோ டப்பாக்கள் நாளுக்கு இரண்டு வீதம் மூன்று நாள் வாங்கி ஊற்றினேன். 120 கிலோ. சோறு, சாம்பார், பாயசம் எல்லாம்.

இரண்டாம் நாள் டிரம் அதுவரை காணாத உயரத்துக்கு எழும்பி, விளிம்பில் குமிழ்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான்காம் நாள் டிரம் அதே உயரத்தில் நிற்க, அடுப்பில் தீ பிடிக்கவில்லை. திருகினால் வாயு வருகிறது, தீக்குச்சியை அணைக்கிறது. செரித்த கரைசல் வழிந்து வரும் வெளிவாயில் அதைக் கையில் எடுத்து முகர்ந்தேன். புளித்துக் கெட்ட மாவு வாடை. வழக்கமான கறுப்பு போய்ச் சாம்பல் நிறம். அமிலம் பார்க்கும் தாளை நனைத்தேன். ஏழில் இருக்க வேண்டியது 5.8.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்: "மாட்டுக்கு இத்தனை சோறு போடுவாயா?"

எனக்கு உடனே மயிலை நினைவுக்கு வந்தது. அக்கா கல்யாணத்தன்று கயிற்றை அறுத்துக்கொண்டு சோற்று அண்டாவில் வாய் வைத்த எங்கள் மயிலைப் பசு. மறுநாள் வயிறு பறைபோல் உப்பி, கால் பரப்பி நின்றது, அசை போடவில்லை. கால்நடை மருத்துவர் வந்து, சோறு வயிற்றில் புளித்து அமிலமாகிவிட்டது என்று சொல்லி, சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார். இரண்டு நாள் தீனி கூடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வைக்கோல் என்றார். மாடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. குழியும் ஒரு மாட்டு வயிறுதான் என்பது மட்டும் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

நடந்தது அதேதான். குழிக்குள் இரண்டு வகைக் கிருமிகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதல் கூட்டம் சோற்றையும் சாணியையும் உடைத்து அமிலமாக்குகிறது. இரண்டாம் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்குகிறது. முதல் கூட்டம் சில மணி நேரத்தில் பெருகும், இரண்டாவது பெருக நாட்கணக்காகும். சாணி மெதுவாக உடைவதால் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள். சோறு மொத்தமாக வந்தால் முன்னவர்கள் ஓடிவிடுகிறார்கள், அமிலம் தேங்குகிறது, அந்தப் புளிப்பில் பின்னவர்கள் சுருண்டுவிடுகிறார்கள். டிரம்மை எழுப்பியது கரியமில வாயு.

மருத்துவர் மயிலைக்குச் செய்ததையே நானும் செய்தேன். தீனியை அடியோடு நிறுத்தினேன். சுண்ணாம்பு போடச் சொன்னவர்கள் உண்டு. சுண்ணாம்பு கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாகி அடியில் படியும் என்பதால் அதைத் தொடவில்லை. மொத்தக் கடையில் சோடா உப்பு மூட்டை வாங்கி, நாளுக்கு இரண்டு கிலோ வெதுவெதுப்பான நீரில் கரைத்து எட்டு நாள் ஊற்றினேன். கெட்ட கரைசலில் ஆயிரம் லிட்டரை இறைத்து வாழைத்தண்டுக் குவியல்மேல் விட்டுவிட்டு, அந்தப் பக்கத்து ஊர்க் கலனுக்கே மறுபடி போய் உறை கேட்டு வாங்கி வந்தேன். அவர்கள் முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் தாள் 6.4 காட்டியது. பதினைந்தாம் நாள் தீ பிடித்து நடுங்கியது. இருபத்து மூன்றாம் நாள் ஏழு. அன்றைக்குப் பத்து கிலோ சாணி மட்டும் கரைத்து ஊற்றினேன், இரண்டு நாளுக்கு ஐந்து கிலோவாகக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய அளவுக்கு வர ஐந்து வாரம். அந்த நாட்களில் தினமும் காலையில் எழுந்ததும் அடுப்பைப் பார்க்காமல் வெளிவாய்க்கு ஓடிக் கரைசலை முகர்ந்தேன். இப்போதும் அதுவே பழக்கமாக இருக்கிறது. வாடை மாறினால் தீ மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும்.

வாயுவைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். என் நிலத்தைப் பொறுத்தவரை வெளிவாயில் வழிகிற செரித்த கரைசல், அதாவது ஸ்லரிதான் பெரிது. குழிக்குள் போகிற சாணியில் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் வாயுவாகப் பிரிந்து போகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. தழைச்சத்தில் ஒரு பகுதி பயிர் உடனே எடுத்துக்கொள்கிற அம்மோனிய வடிவத்துக்கு மாறியும் இருக்கிறது. குப்பைமேட்டில் வெயிலில் கிடக்கிற சாணி அந்தச் சத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.

இது தெரிந்தும் முதல் மூன்று மாதம் ஸ்லரியைக் களத்தில் பரப்பிக் காயவைத்து மூட்டை கட்டினேன். தூக்கிப் போகச் சுலபம் என்று. காய்கிற நாளெல்லாம் களத்தில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை. நான் மூட்டை கட்டியது மிச்சத்தைத்தான். அதை நிறுத்திவிட்டு வெளிவாயை ஒட்டி ஒரு சிமென்ட் தொட்டி கட்டி, மேலே தென்னங்கீற்றுக் கூரை போட்டேன். தண்ணீர் பாய்ச்சும் நாளில் தொட்டியின் மடையைத் திறந்தால் ஸ்லரி வாய்க்கால் நீரோடு கலந்து மஞ்சள் பாத்திக்குப் போகிறது. வாழைக்குச் சரிக்குச் சரி தண்ணீர் கலந்து, தண்டைவிட்டு ஒரு முழம் தள்ளி வட்டக் குழியில் ஊற்றி மண் மூடுகிறேன். சொட்டு நீர்க் குழாயில் விட ஒருமுறை முயன்றேன். கொசுவலையில் இரண்டு முறை வடிகட்டியும் துளைகள் அடைத்துக்கொண்டன. அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

மஞ்சள் பாத்தியில் இரண்டை மட்டும் ஸ்லரி இல்லாமல் வழக்கமான உரத்தோடு விட்டு வைத்திருந்தேன். ஐப்பசி மழைக்குப் பின் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன். உரப் பாத்தியில் மண் கட்டியாக, பாளமாகப் புரண்டது. ஸ்லரி பாய்ந்த பாத்தியில் வெட்டிய மண் பொலபொலவென்று கையில் உதிர்ந்தது, அதில் ஒரு பிடிக்கு ஏழெட்டு மண்புழு. ஸ்லரிப் பாத்திக்கு அந்த வருடம் மேலுரமாக யூரியா ஒரு தடவைகூடப் போடவில்லை, இலை வெளுக்கவில்லை. களையும் குறைந்தது. பச்சைச் சாணியோடு வருகிற களை விதைகளில் பெரும்பகுதி குழிக்குள் எண்பது நாள் ஊறியே செத்துவிடுகின்றன. ஈ மொய்ப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியருகே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், மூக்கைப் பொத்துவதில்லை.

தையில் கிழங்கு வெட்டியபோது அந்த இரண்டு பாத்திக்கும் மற்றவற்றுக்கும் எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உரச் செலவு மிச்சமானதுதான் லாபம். மண்ணின் மாற்றம் இன்னும் இரண்டு மூன்று வெள்ளாமையில் எடையில் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன். அதே பாத்திகளில் தொடர்ந்து நிறுத்துக் குறித்து வருகிறேன்.

மார்கழியில் வாயு குறைந்தது. குழிக்குள் கிருமிகளுக்கு 35 டிகிரி பிடிக்கும். இரவு பதினெட்டு, பத்தொன்பதுக்கு இறங்கும்போது அவை மந்தமாகிவிடுகின்றன. மூன்று மணி நேரம் எரிந்த அடுப்பு இரண்டேகால் மணியில் ஓய்ந்தது. குழியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு வைக்கோலும் மக்கும் குப்பையும் அணைத்துப் போட்டேன், கரைக்கும் தண்ணீரைக் கறுப்பு டிரம்மில் வெயிலில் வைத்தேன். கால் மணி நேரம் திரும்பக் கிடைத்தது. அடுத்த மார்கழிக்குக் கார்த்திகையிலேயே அணைத்துவிட வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். நாங்களும் வாங்குகிறோம். சமையலறை வாசலில் ஒரு நீல வாளி இருக்கிறது. அதில் மூன்று கிலோ சோறு பிடிக்கும் உயரத்தில் அம்மா சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருக்கிறாள். வீட்டுக் காய்கறித் தோலும் அந்தக் கோட்டுக்குள் அடங்க வேண்டும். மண்டபத்துப் பையன் டப்பாவைக் கவிழ்க்கும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பாள். கோட்டைத் தொட்டதும் "போதும் சாமி" என்று கையைக் காட்டுவாள், மீதியை அவன் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகிறான். அங்கேயும் போன மாதம் ஒரு குழி தோண்டியிருக்கிறார்கள். உறை கேட்டிருக்கிறார்கள். ஐநூறு லிட்டர் எடுத்து வைத்திருக்கிறேன்.